மதிலுக்கு வெளியே ஏழு நிமிஷம்

எனக்கும் என் தம்பிக்கும் பிடித்த ராக் பேண்ட் ஒன்று உண்டு. சென்னைக்காரர்கள்தான். நான்கு ஆண்கள், ஒரு பெண். ட்ரம்ஸ் வாசிப்பது அந்தப் பெண். பன்னிரண்டு வருஷமாக மேடை ஏறுகிறார்கள், அத்தனையும் தெற்கே. கிண்டி, அடையாறு, ஈஞ்சம்பாக்கம், அதையும் தாண்டி மாமல்லபுரம் போகிற வழி. பேசின் பிரிட்ஜுக்கு வடக்கே, எங்கள் பக்கம், கரண்ட் வந்துவிட்டது என்கிற செய்தி அவர்களுக்கு இன்னும் எட்டவில்லை போலிருக்கிறது என்று நான் சொல்வேன். தம்பி சிரிப்பான். அவனுக்கு எதற்கும் சிரிப்புதான். எரிச்சல்படுகிற வேலை முழுவதையும் எங்கள் வீட்டில் நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன்.

மூன்று தடவை அவர்களைப் பார்க்கக் கிளம்பி, மூன்று தடவையும் பார்க்காமல் திரும்பியிருக்கிறோம். ஒரு தடவை மழை. மேடை நனைந்து நிகழ்ச்சியை ரத்து செய்துவிட்டார்கள். அதை மன்னித்துவிடலாம். மற்ற இரண்டுக்கும் காரணம் தம்பி. அவன் ஜெனரேட்டர் மெக்கானிக். கல்யாண மண்டபம், ஐஸ் கம்பெனி, மீன் பதப்படுத்துகிற கூடம் என்று எங்கே டீசல் எஞ்சினுக்கு மூச்சு முட்டினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் போவான். ஒரு தடவை கிண்டிக்குப் போகிற வழியில், பெரம்பூரில், யாரோ முன்பின் தெரியாத ஒருவருடைய ஆட்டோ நின்றுபோய்க் கிடந்தது. "ரெண்டே நிமிஷம் கா" என்று இறங்கினான். நாங்கள் கிண்டி போய்ச் சேர்ந்தபோது ஜனங்கள் டீ ஷர்ட்டைப் பிழிந்தபடி வெளியே வந்துகொண்டிருந்தார்கள். இன்னொரு தடவை டிக்கெட் அவன் போனில் இருந்தது. போன் அவன் பையில் இருந்தது. பை காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் இருந்தது.

அப்படியானால் அவனை விட்டுவிட்டு நான் மட்டும் போயிருக்கலாமே என்று கேட்கலாம். என் கணவரே கேட்டிருக்கிறார். ஆனால் அந்தப் பாட்டை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவனே அவன்தான்.

நான் அப்போதுதான் கன்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எந்தப் பெட்டி எந்தக் கப்பலுக்குப் போகிறது என்று கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை, இன்றைக்கும் அதேதான். தம்பி டோல்கேட்டில் ஒரு செல்போன் கடையில் மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றிக்கொண்டு வந்தான். பழைய கார் ஸ்பீக்கர் ஒன்றைத் தண்ணீர்ப் பானையின் வாயில் கவிழ்த்து வைத்து ஒயரை மாட்டினான். பானைக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தத்தில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. தண்ணீர் பிடிக்கப் பானையைத் தேடிக்கொண்டிருந்த அம்மா வாசலில் நின்று திட்டியது எதுவும் எங்கள் காதில் விழவில்லை.

ஏழு நிமிஷப் பாட்டு அது. முதல் இரண்டு நிமிஷம் குரலே கிடையாது. ட்ரம்ஸ் தனியாகப் போய்க்கொண்டிருக்கும், பிறகு பேஸ் கிட்டார் வந்து அதன் தோளில் கை போட்டுக்கொள்ளும். அதற்கப்புறம்தான் பாடகர் வாயைத் திறப்பார். பாட்டுக்கென்று ஒரு பெயர் இருந்தாலும் நாங்கள் அதை 'ஏழு நிமிஷம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அப்பா ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மாதம், வார்டுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு, நாங்கள் இருவரும் வேறு எதுவும் பேசாமல் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டோம். அப்பா போன பிறகும் கேட்டோம். ஆகவே அதை நேரில் கேட்டால் அவனோடு சேர்ந்துதான் கேட்பது என்று நான் முடிவு செய்திருந்தேன். முட்டாள்தனமான முடிவு என்று அவ்வப்போது தோன்றும்.

இந்த வருஷம்தான் அந்த அறிவிப்பு வந்தது. திருவொற்றியூரில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு மைதானம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி. அம்மாவும் தம்பியும் இருக்கிற வீட்டிலிருந்து கால் மணி நேர நடை. அவன் போன் செய்து, "யக்கா, நம்ம ஏரியாக்கே வர்றாங்கோ!" என்று கத்தினான். எனக்கும் தலைகால் புரியவில்லை. ஆட்டோவில் போக வேண்டாம், பெரம்பூரைத் தாண்ட வேண்டாம். இந்தத் தடவை தவறுவதற்கு வழியே இல்லை என்று நினைத்தேன்.

மதியம் இரண்டரைக்குத் தேரடி மெட்ரோ படிக்கட்டின் கீழே நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஒரு வாரமாகத் தினமும் சொன்னேன். நான் தண்டையார்பேட்டையில் ரயில் ஏறி இரண்டு இருபதுக்கே வந்து நின்றுவிட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டரை ஆயிற்று. இரண்டே முக்கால் ஆயிற்று.

"எங்கடா கீற?"

"தோ, வந்துகினே கீறேன் கா."

"எங்க வந்துகினு கீற?"

"ஐஸ் கம்பெனிலேர்ந்து கெளம்பிட்டேன்."

"கெளம்பிட்டியா, கெளம்பப் போறியா?"

போனில் பின்னால் ஒரு எஞ்சின் திணறித் திணறி ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்கு நடுவில் தம்பி யாரிடமோ, "அத்த டைட் பண்ணு ண்ணே, இன்னும் கொஞ்சம்" என்றான். நான் போனை வைத்துவிட்டு ஒரு மோர் பாக்கெட் வாங்கிக் குடித்தேன். பிறகு இன்னொன்று வாங்கினேன்.

மூன்றரைக்கு வந்தான். பைக்கில், சிரித்துக்கொண்டு. கன்னத்தில் கிரீஸ், சட்டையில் கிரீஸ். முதுகில் அந்தப் பை. கான்வாஸ் துணியில் அவனே தைக்கக் கொடுத்த கருவிப் பை அது. ஸ்பேனர், கொறடு, சுத்தி, இன்னும் என்னென்னவோ. தூக்கினால் ஒரு அரிசி மூட்டை மாதிரி இருக்கும்.

"இத்த எதுக்குடா எடுத்துகினு வந்த?"

"வூட்டுக்குப் போய் வெச்சுட்டு வந்தா லேட் ஆயிடும்ல கா. ஒனக்கோசரம்தான் நேரா வந்தேன்."

எனக்காகவாம். பைக்கில் ஏறி உட்கார்ந்தேன். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக எஞ்சினை அணைத்துவிட்டு நின்றிருந்தன. அந்த லாரிகளுக்கு நடுவே பைக்கை நுழைத்து நுழைத்து, இருவருடைய முழங்காலும் தேய்ந்துபோகிற மாதிரி ஓட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்து சேர்ந்தோம். வாசலில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. டிக்கெட் போனில் திறந்தது. போனும் கையில் இருந்தது. நான் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

வாசலில் நின்ற செக்யூரிட்டி, நரைத்த மீசைக்காரர், பையைத் திறந்து பார்த்தார். ஒரு நீளமான ஸ்பேனரை வெளியே எடுத்தார். எங்களைப் பார்த்தார்.

"இன்னாமா இது? கச்சேரிக்கு வந்தீங்களா, லாரி கயட்ட வந்தீங்களா?"

"வேல செய்ற சாமான் சார்" என்றான் தம்பி. "ஆயுதம் இல்ல."

"இத்த ஒருத்தன் தலைல போட்டா ஆயுதம்தான் நைனா. வெளிய வெச்சுட்டு வா."

அவர் சொன்னதில் தப்பில்லை. தம்பி தலைகீழாக நின்றான். பைக்கிலேயே மாட்டிவைத்துவிட்டு வாடா என்றால், "போன வருஷம் பைக்லேர்ந்துதான் கா ஆட்டய போட்டாங்கோ" என்றான். எதிரில் இருந்த டீக்கடையில் வைக்கலாம் என்றால் அந்த ஆளை அவனுக்குப் பிடிக்காதாம். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் 'உச்' கொட்டினார்கள். உள்ளேயிருந்து யாரோ கிட்டார் கம்பியைச் சரிபார்க்கிற சத்தம் வந்தது. கடைசியில் இரண்டு தெரு தள்ளி அவன் வழக்கமாகச் சாப்பிடுகிற, பர்மா நூடுல்ஸ் விற்கிற அத்தோ கடை ஞாபகம் வந்தது அவனுக்கு. ஓடினோம். கடைக்கார அம்மா நூடுல்ஸைக் கையால் பிசைந்துகொண்டே, "பெஞ்சுக்குக் கீய வுடு நைனா, யாரும் தொட மாட்டாங்கோ" என்றார். திரும்ப ஓடி வந்து, திரும்ப வரிசையின் கடைசியில் நின்றோம்.

உள்ளே போனதும் நான் நடுவில் போய் நிற்கலாம் என்றேன். மேடைக்கு நேர் எதிரே இன்னும் இடம் இருந்தது. அவன் என் கையைப் பிடித்து இடதுபக்க ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"இங்க காத்து வருது கா."

காற்றும் இல்லை ஒன்றும் இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம், தகரம் அடித்த மறைவுக்குப் பின்னால், ஜெனரேட்டர் லாரி நின்றிருந்தது. அதை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே அவனை விட்டுவிட்டு நடுவில் போய் நின்றிருப்பேன்.

நாலு மணிக்கு என்று போட்டிருந்தது, பேண்ட் மேடை ஏறியபோது ஐந்தாகப் போகிறது. அந்த ஐந்து பேரையும் பார்த்தபோது எனக்கு எல்லாக் கோபமும் போய்விட்டது. போனில் விரல் அளவுக்குப் பார்த்தவர்கள் ஆள் உயரத்தில் நடந்து வந்தார்கள். பாடகர் நினைத்ததைவிடக் குள்ளம். ட்ரம்ஸ் வாசிக்கிற பெண் தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, குச்சியை ஒரு தடவை காற்றில் வீசிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். முதல் பாட்டுக்கு நான் கத்திய கத்தலில் பக்கத்தில் இருந்த காலேஜ் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். முப்பத்தெட்டு வயது, புது சுடிதார், கையில் ஹேண்ட்பேக். பார்க்கட்டும் என்று இன்னும் கத்தினேன்.

இரண்டாவது பாட்டின் நடுவில் தம்பி என் தோளைத் தட்டினான்.

"சத்தம் சரியில்ல கா."

"நல்லாத்தானடா கீது!"

"பாட்டு இல்ல கா. செட்டு. ஜென்செட்டு. ஏறி ஏறி எறங்குது பாரு."

பத்தாயிரம் வாட்ஸில் கிட்டார் அலறிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால் தகர மறைவுக்குள் ஓடுகிற ஒரு எஞ்சின் ஏறி இறங்குவது இவனுக்குக் கேட்கிறது. நான் அவன் முகத்தைப் பிடித்து மேடைப் பக்கம் திருப்பினேன். மூன்றாவது பாட்டில் அவன் மறுபடி அந்தப் பக்கம் திரும்பியிருந்தான். மறுபடி திருப்பினேன். நான்காவது பாட்டில் அவன் என்னைக் கேட்காமலேயே தடுப்பின் ஓரத்துக்கு நகர்ந்து, தகர இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இங்கே மேடையில் நம் வாழ்நாள் ஆசை நின்று பாடுகிறது, இவன் அங்கே லாரியைப் பார்க்கிறான். டேய் என்று கூப்பிட வாயைத் திறந்தேன்.

எல்லாம் நின்றுவிட்டது.

கிட்டார், பேஸ், மைக், விளக்கு, எல்லாமே ஒரே நொடியில். பாடகர் வாய் மட்டும் அசைந்தது. ட்ரம்ஸ் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக, சின்னதாக, ஏதோ பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தட்டுகிற மாதிரிக் கேட்டது. பிறகு அவளும் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கூட்டம் ஊவென்று ஊளையிட்டது.

இடுக்கு வழியாகப் பார்த்தால், தகர மறைவுக்குள் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் ஒருவர் ஸ்டார்ட்டரை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்தார். அது கரகரவென்று இருமியது.

"அண்ணே, செல்ஃப் அடிக்காதீங்கோ! பேட்டரி பூடும்! ஏர் புடிச்சுகிச்சு, ஏர்!" என்று தம்பி கத்தினான். கத்திக்கொண்டே தடுப்பின் மேல் காலைத் தூக்கிப் போட்டான். டீசல் குழாயில் காற்று புகுந்துவிட்டால் எஞ்சினுக்கு டீசல் போகாதாம், ஒரு போல்ட்டைத் தளர்த்தி அந்தக் காற்றை வெளியே விட வேண்டுமாம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது அவன் பின்புறம் மட்டும்தான். அந்தப் பக்கம் குதித்தவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"அக்கா! பேக்கு!"

பக்கத்தில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். மேடையில் ட்ரம்ஸ் பெண்கூட இந்தப் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. நான் வேறு என்ன செய்ய முடியும்? ஓடினேன்.

வாசலில் அதே மீசைக்காரர். "வெளிய போனா திரும்ப உள்ள வுட மாட்டோம்மா."

"ஜெனரேட்டருக்கு சாமான் எடுத்தாரப் போறேன். நீங்கதான மதியானம் வெளிய வெக்கச் சொன்னீங்க!"

"அட, ஆமா. சரி, ஜல்தியா போய்ட்டு வா."

இரண்டு தெரு. செருப்பு வார் ஒரு பக்கம் விட்டுக்கொண்டது. அத்தோ கடையில் நல்ல கூட்டம். பெஞ்சுக்கு அடியில் பை இருந்தது, பையின் மேல் முட்டைத் தட்டுகள் நான்கு அடுக்கி இருந்தன.

"இரும்மா, இரு, ஒடச்சிடாத" என்று கடைக்கார அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு தட்டாக, ஏதோ தூங்குகிற குழந்தையை எடுத்து வைக்கிற மாதிரி எடுத்து வைத்தார். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். பாதித் தூரம் ஓடினேன், பாதித் தூரம் நடந்தேன், கடைசியில் தரையில் இழுத்துக்கொண்டு வந்தேன். இடது தோள்பட்டை இறங்கிப்போனது.

வாசலில் மீசைக்காரர் பக்கத்தில் இப்போது அவருடைய மேலதிகாரி நின்றிருந்தார். காதில் கருவி, கழுத்தில் அட்டை. அதனால் மீசைக்காரருக்கு என் முகமே மறந்துபோயிருந்தது.

"ரீ என்ட்ரி கெடையாதும்மா."

"இப்பதான சொல்லிட்டுப் போனேன்? ஜெனரேட்டருக்கு..."

"பேக்குல இன்னா கீது?"

"நீங்கதான் பார்த்தீங்களே!"

அவர் அதிகாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பையைத் திறந்தார். மேஜைமேல் ஒரு ஸ்பேனர் வைத்தார். இரண்டாவது ஸ்பேனர் வைத்தார். கொறடு. அதிகாரி ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "உள்ளே கரண்டே இல்லை சார், அதற்காகத்தான் இது" என்று நான் அவரிடம் சுத்தமான தமிழில் சொல்லிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து ஒரு அடி கேட்டது.

ஒரே ஒரு அடி. பிறகு இரண்டு. பெரிய ஸ்பீக்கரில், மைதானமே அதிர்கிற மாதிரி.

கரண்ட் வந்துவிட்டது. நான்காவது அடியில் எனக்கு அது என்ன பாட்டு என்று தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிறேன், தெரியாமல் போகுமா?

"சார், உள்ள வுடுங்க சார். அந்தப் பாட்டு. சார், ப்ளீஸ்."

"கரண்ட் வந்துருச்சே மேடம்" என்றார் அதிகாரி. "அப்ப எதுக்கு சாமான்?"

கெஞ்சினேன், பிறகு சண்டை போட்டேன், அந்தச் சண்டையில் முதல் ஒன்றரை நிமிஷம் போய்விட்டது. அவரிடம் நான் சொன்ன சில வார்த்தைகளை இங்கே எழுத முடியாது, அம்மா படிப்பாள். பேஸ் கிட்டார் உள்ளே வந்தது. அதற்குமேல் நான் சண்டை போடவில்லை. பையை அங்கேயே போட்டுவிட்டு வாசலை ஒட்டிய மதில்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. சோகம் இல்லை, சுத்தமான ஆத்திரம். தம்பி மேல், மீசைக்காரர் மேல், முட்டைத் தட்டு மேல், அவனோடு சேர்ந்துதான் கேட்பேன் என்று முடிவு செய்த என் மேல்.

பாட்டு முடிந்து கூட்டம் அடங்குவதற்குள், பக்கவாட்டுக் கேட்டிலிருந்து ஜெனரேட்டர் பெரியவர் வெளியே வந்தார். "செட்ட ரெடி பண்ண தம்பியோட அக்கா யாருமா?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். மீசைக்காரர் தானே ஓடி வந்து எல்லாச் சாமானையும் பைக்குள் போட்டு, பையை என் தோளில் மாட்டியும் விட்டார்.

மேடைக்குப் பின்னால், ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரின் பக்கத்தில், ஒரு கவிழ்த்த டீசல் கேன்மேல் தம்பி உட்கார்ந்திருந்தான். முழங்கை வரை கறுப்பு. உள்ளங்கையை ஜெனரேட்டரின் தகர மூடிமேல், காய்ச்சல் பார்க்கிற மாதிரி வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"வந்துட்டியா கா? பேக்கு வேணாம். அண்ணன்கிட்டயே பதினேழு நம்பர் ஸ்பேனரு இருந்துச்சு."

பையைக் கீழே வைத்தேன். மெதுவாகத்தான் வைத்தேன்.

"எப்பத்லேர்ந்து இருந்துச்சு?"

"நீ போன ஒடனே எடுத்துக் குட்த்தாரு."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

"கை பூரா டீசலு கா."

அந்த எஞ்சின் சத்தத்தில் பேசினாலும் காதில் விழாது. அவன் காதருகே குனிந்து, "பாட்டாவது கேட்டியாடா?" என்று கத்தினேன்.

"எந்தப் பாட்டு?"

"ஏழு நிமிஷம்!"

அவன் முகத்திலிருந்து சிரிப்பு போனது. அவன் சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அப்பாவின் காரியத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான்.

"அதுவா போச்சு?" என்றான். "மூடிக்குள்ள தலைய வுட்டுகினு இருந்தேன் கா. லோடு தாங்குதானு பார்த்துகினு... ஒண்ணும் கேக்கல."

அதற்குமேல் அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். திட்டுவதற்கு இவ்வளவு வசதியான ஒரு நாள் அமைந்து, திட்ட முடியாமல் போனது.

கடைசி மூன்று பாட்டுகளை மேடைக்குப் பின்னாலிருந்து பார்த்தோம். பாடகருடைய தோளும், ட்ரம்ஸ் பெண்ணின் முதுகும்தான் தெரிந்தன. சட்டை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறும் காலால் பெடலை அழுத்திக்கொண்டிருந்தாள். அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முன்னால் நின்ற ஆயிரக்கணக்கான பேருக்கு அந்தக் கால் தெரியாது. தம்பி ஒரு கண்ணால் அவளையும் ஒரு கண்ணால் மீட்டரையும் பார்த்தான். இரண்டு தடவை கிள்ளினேன்.

நிகழ்ச்சி முடிந்து ஐந்து பேரும் எங்களைத் தாண்டித்தான் வேனுக்குப் போனார்கள். ஜெனரேட்டர் பெரியவர் தம்பியைக் காட்டி ஏதோ சொன்னார். ட்ரம்ஸ் பெண் நின்றாள். எங்களிடமிருந்து இரண்டடி தூரத்தில், கழுத்தில் துண்டோடு.

"நீங்கதானா ண்ணா? ரொம்ப தேங்க்ஸ். இல்லேன்னா இன்னிக்கு ஷோ அவ்ளோதான்."

நான் தம்பியை முழங்கையால் இடித்தேன். சொல்லுடா. பன்னிரண்டு வருஷம். பானை. ஆஸ்பத்திரிப் படிக்கட்டு. ஏதாவது ஒன்றைச் சொல்லுடா.

அவன் கையைச் சட்டையில் துடைத்தான்.

"டீசல் ஃபில்டர மாத்தச் சொல்லுங்கோ மேடம்" என்றான். "பூரா கசடு."

அவள் சிரித்து, தலையாட்டிவிட்டு, போய்விட்டாள். நான் வாயைத் திறந்து மூடுவதற்குள் வேன் கதவு சாத்திக்கொண்டது.

வெளியே வந்தபோது இருட்டியிருந்தது. எனக்குப் பசி, கோபம், தோள்வலி, அறுந்த செருப்பு. அத்தோ கடையில் பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டு தட்டு வந்தது. இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு அவன் என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நீ கேட்டியா கா?"

"மதிலுக்கு வெளிய நின்னு கேட்டேன். ஒன்னால."

"எப்டி இருந்துச்சு? சொல்லேன்."

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் முதல் அடியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஆரம்பம் நாம் கேட்பதைவிட மெதுவாக வந்தது என்றேன். பேஸ் வந்தபோது மதில் என் முதுகில் அதிர்ந்தது, பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது என்றேன். நாலாவது நிமிஷத்தில் பாடகர் பாடுவதை நிறுத்திவிட்டார், கூட்டம்தான் பாடியது, இரண்டு தடவை, அதற்கப்புறமும் அவர் பாடவில்லை என்றேன். சாலையில் நின்றிருந்த ஒரு கன்டெய்னர் லாரி டிரைவர் ஜன்னலில் கையைத் தொங்கப்போட்டுக் கதவில் தாளம் தட்டினார், பாட்டு தெரியாதவர், ஆனால் சரியான இடத்தில் தட்டினார் என்றேன். கடைசியில் ட்ரம்ஸ் நிற்பதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி விடுவாளே, அதை இன்றைக்கு இரண்டு மடங்காக விட்டாள், எனக்கு உயிரே போனது என்றேன். மேஜையில் தட்டிக் காட்டினேன். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, கறுத்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டான். ஒரு இடத்தில், "அந்த எடத்த இன்னொரு வாட்டி தட்டு கா" என்றான். தட்டினேன்.

நான் சொல்லி முடித்தபோது என் தட்டு ஆறிப்போயிருந்தது. அவன் கண் பளபளவென்றிருந்தது. அழப்போகிறானோ என்று நினைத்தேன்.

"அப்ப வோல்டேஜ் ஒரு எடத்துலகூட எறங்கலல்ல?" என்றான்.

நான் எழுந்து கை கழுவப் போனேன்.